மழைத்தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தவள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணி. வெறும் வயிற்றோடு வந்திருந்த ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மேசை மேல் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஊசி உள்ளே இருக்கும்போது போனைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பரிசோதனைக் கூடத்தில் கஸ்தூரி போட்ட சட்டம். "வீடே பத்திக்கினு எரிஞ்சாலும் பஞ்சு வெச்சிட்டு அப்பறம் போ" என்பாள். ரத்தத்தை எடுத்து, பஞ்சை வைத்து, கையை மடக்கச் சொல்லி, குழாயில் பெயர் ஒட்டிய பிறகுதான் போனை எடுத்தேன். கஸ்தூரியின் அண்ணன் ஏழுமலை. "தங்கச்சி போயிடுச்சிம்மா" என்றார். விடியற்காலையில், சென்னை ஆஸ்பத்திரியில்.

குழாயில் பெயர் சரியாக ஒட்டியிருக்கிறேனா என்று திரும்பப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வரிசையில் இன்னும் பதினாலு பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் எடுத்து முடித்துவிட்டு, பின்னால் இருக்கும் கை கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

திருவண்ணாமலையில் ரத்தப் பரிசோதனைக்கு வந்து போன உங்களில் பலருக்குக் கஸ்தூரியைத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் கை தெரியும். "எறும்பு கடிக்கும், அவ்ளோதான்" என்று சொல்லி, நிஜமாகவே எறும்பு கடித்த அளவுக்கு மட்டும் குத்துகிற கை. நானும் அவளும் இருபத்திரண்டு வருடம் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கூடத்தில் கேட்டார்கள். நல்லதுக்கு என்ன குறைச்சல், எழுதிவிடலாம். ஆனால் கடைசி நாட்களில் அவளிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை ஒளித்து வைத்துக்கொண்டு நாலு வார்த்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

பொய் அவள் வளர்த்த செடிகளைப் பற்றியது. கஸ்தூரி வேங்கிக்காலில் மாடிப் போர்ஷன் ஒன்றில் தனியாகக் குடியிருந்தாள். அங்கே வடக்குப் பார்த்த சன்னலோரம் ஒரு பழைய மீன் தொட்டிக்குள் ஆர்க்கிட் செடிகள் வளர்த்தாள். கல்யாண மேடையில் வைக்கிறார்களே, அந்தப் பெரிய பூ இல்லை. முழுச் செடியும் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும். பூ கேழ்வரகு அளவு. மண்ணே வேண்டாம், மாமரக் கட்டையில் நைலான் நூலால் கட்டிவிட்டால் வேர் தானாகப் பட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றின் ஈரத்தைக் குடித்து வளரும். சித்திரையில் இந்த மலை கக்குகிற சூட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் ஈரக் காற்றுக்கு எங்கே போவது? தொட்டியின் அடியில் செங்கல் பரப்பி நனைத்து வைப்பாள். மேலே கண்ணாடிப் பலகை. காற்றோட்டத்துக்குக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி. "நெருப்பு ஊர்ல ஐஸ் கடை வெச்சிருக்க" என்று கிண்டல் செய்வேன். "ஆமா, வியாபாரம் கம்மிதான்" என்பாள்.

முதல் செடி வந்த கதையை அவளே எல்லோரிடமும் சொல்வாள். ஒரு மருத்துவ முகாமுக்காக நாங்கள் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். டீக்கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த விறகில், ஒரு குச்சியின் மேல் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் பாசி என்று நினைத்தேன். கடைக்காரம்மா, "அது புல்லுருவி மாதிரி ஏதோ ஒண்ணும்மா, அடுப்புல போட்டா புகையுது" என்றார். கஸ்தூரி அந்தக் குச்சியைக் கேட்டு வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் ஊர் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டாள். அதுதான் ஒன்றாம் எண். பிறகு வளர்ப்பவர்களிடமிருந்து பார்சலில் வாங்கியும் மாற்றியும் பதினொன்று ஆயின. காட்டு மரத்திலிருந்து ஒன்றைக்கூட அவள் உரித்து எடுத்ததில்லை. எல்லாவற்றுக்கும் எங்கள் ரத்தக் குழாய்களில் ஒட்டுகிற மாதிரி லேபிள்: எண், வந்த தேதி. ஈரத்தில் மை வெளுத்துவிடும் என்று வருடா வருடம் ஆடியில் எல்லாவற்றையும் புதிதாக எழுதி ஒட்டுவாள்.

ஒன்றாம் எண் முதன்முறை பூத்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வரச் சொன்னாள். மார்கழி. கையில் லென்ஸைக் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எங்கடி பூ?"

"மூச்சை நிறுத்துடி. நீ விடற மூச்சுல அது ஆடுது."

நிறுத்தினேன். தெரிந்தது. வெளிர் மஞ்சளில் ஒரு பூ, உதடு மாதிரி நீண்ட கீழ் இதழில் பழுப்பு நிறத்தில் மூன்று புள்ளிகள். பால் கோவா வாசனை மாதிரி ஒன்று லேசாக வந்தது. வெயில் ஏறினால் அதுவும் இருக்காது என்றாள். வருடக்கணக்காக நுண்ணோக்கியில் கண் வைத்தவள் நான். அவ்வளவு சின்னதில் அவ்வளவு அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போது அதை அவளிடம் சொல்லவில்லை. "இதுக்கா டவுன்லேர்ந்து ஆட்டோ புடிச்சி வந்தேன்?" என்றுதான் சொன்னேன்.

தண்ணீர் விஷயத்தில் அவள் கெடுபிடி தாங்க முடியாது. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பைக் குழாய்களின் வாயில் வெள்ளையாகப் பார்க்கலாம். அது பட்டால் இந்தச் செடிகளின் வேர் வெந்துவிடும். எங்கள் கூடத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் கேனாக இருக்கும். ஒரு கோடையில் அவளிடம் மழைத்தண்ணீர் தீர்ந்துபோனபோது, ஒரு கேன் எடுத்துப் போயேன், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். "அது பேஷண்ட் ரத்தத்துக்கு வந்த தண்ணி ஜெயா" என்றாள். அந்தக் கோடையில் இரண்டு செடிகள் போயின. ஐப்பசி மழையில் மொட்டை மாடியில் துணி கட்டிப் பிடித்து, கேன்களில் தேதி எழுதி வைப்பாள். ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். நேற்றுத்தானே பார்த்தாய் என்றால், "நேத்து வந்த பேஷண்ட்டுக்கு இன்னிக்கும் அதே சுகரா?" என்பாள்.

எதையும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிற வாய் அவளுக்கு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அவள் வீட்டில் ஒரே ஒரு பொய் சொல்லச் சொன்னார்கள், பெண்ணுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுக்கும்போதே, "எனக்குத் தைராய்டு இருக்குது, தினம் மாத்திரை போடறேன்" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை சாகுபடி செய்கிற அண்ணன் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. எங்கள் வேலையைப் பற்றியும் அவளுக்கு ஒரே வாக்கியம்தான்: "கண்ணு பாத்ததை வாய் மாத்தக் கூடாது."

போன புரட்டாசியில் ஒரு நாள் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரம். "ஜெயா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று அவள் நுண்ணோக்கியைக் காட்டினாள். ரத்தம் தடவிய கண்ணாடித் தகடு. பார்த்த உடனே தெரிந்தது. முதிராத வெள்ளை அணுக்கள், பெரிது பெரிதாக, கும்பல் கும்பலாக. இருக்கக் கூடாத அணுக்கள்.

"ஐயோ. யாருதுடி? சின்ன வயசா?"

"அம்பத்திரண்டு."

"பாவம். யாராவது கூட வந்திருக்காங்களா? பேரு எழுதலியே இதுல?"

"இரு, எழுதறேன்" என்றாள். பென்சிலை எடுத்துத் தகட்டின் ஓரத்தில் எழுதினாள். கஸ்தூரி.

பத்து நாளாகக் காய்ச்சல், ஈறில் ரத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கஷாயம் வைத்துக் குடி என்று சொல்லியிருந்தேன். தகடு தப்பாக இருக்கும், சாயம் சரியாக ஏறவில்லை, இன்னொன்று போடலாம் என்று உளறினேன். அவள் என் கையைப் பிடித்தாள். "மூணு போட்டுட்டேன். நீ பாத்தது இன்னா, சொல்லு. நான் மட்டும் பாத்தா போதாது." சொன்னேன். டாக்டரிடம் போவதற்கு முன்னால், ரத்தப் புற்றுநோய் என்ற வார்த்தையை அவள் என் வாயிலிருந்துதான் கேட்டாள்.

சென்னைக்குப் புறப்படும் முன் பதினொரு கட்டைகளையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் வீட்டுப் பின்கட்டு சன்னலோரம் தொட்டியைத் தானே அடுக்கினாள். கூடவே இரண்டு கேன் மழைத்தண்ணீர். "வேர் வெள்ளையா இருந்தா தாகம். பச்சையா இருந்தா திருப்தி. பழுப்பானா போச்சி. அவ்ளோதான் பாடம்" என்றாள். ஆட்டோவில் ஏறிய பிறகும் தலையை வெளியே நீட்டி, "நாக்குல வெச்சிப் பாத்து ஊத்துடி" என்றாள். முதல் ஒரு மாதம் அப்படியே செய்தேன். தினமும் சாயங்காலம் அவள் போன் செய்வாள். தன் ரத்த எண்ணிக்கையைச் சொல்வாள், பிறகு செடிகளின் வேர் நிறத்தைக் கேட்பாள். இரண்டையும் ஒரே குரலில்தான் பேசுவாள்.

கார்த்திகை தீபம் வந்தது. எங்கள் வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. தீபத்துக்கு இந்த ஊரில் வீடு வைத்திருப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இல்லாத உறவெல்லாம் பையோடு வந்து நிற்கும். ஆரணியிலிருந்து என் நாத்தனார் குடும்பம், அவர்கள் சம்பந்தி வீடு, மொத்தம் பதினெட்டுப் பேர். தீபத்தன்று மத்தியானம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி காலி. கிரிவலம் முடித்து வந்தவர்களுக்குக் கால் கழுவவும் பாத்திரத்துக்கும், நாத்தனார் பின்கட்டில் இருந்த இரண்டு கேன்களையும் எடுத்துச் செலவழித்துவிட்டார். மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன், போர் தண்ணீரைப் பிடித்து இரண்டையும் வாய் வரை நிரப்பி, மூடி போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். விளக்கு ஏற்றின வீட்டில் தண்ணீர்ப் பாத்திரத்தை வெறுமையாக விடுவார்களா? அவர் முறையைத்தான் செய்தார். என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். பதினெட்டுப் பேருக்குச் சமைத்து, துவைத்து, கூடத்துக்கும் ஓடிய களைப்பில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மூன்று வாரம் ஊற்றினேன். இலை நுனி கருகியபோது பனி என்று நினைத்தேன். பிறகு கேனின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன். விரலால் தொட்டு அப்போதுதான் நாக்கில் வைத்தேன். உப்பு. லென்ஸ் இல்லாமலே தெரிந்தது: பதினொன்றில் எட்டின் வேர்கள் பழுப்பு. மீதி மூன்றும் அடுத்த பத்து நாளில் போயின. ஒன்றாம் எண் கடைசியாகப் போனது.

பத்து நாளாகப் பேசத் தெம்பில்லாமல் கிடந்தவள், ஒன்றாம் எண்ணும் போய்விட்ட அந்த வாரம் ஒரு சாயங்காலம் போன் செய்தாள். குரல் தேய்ந்திருந்தது. எண்ணிக்கை ரொம்பக் கம்மி, புது மருந்து போடுகிறார்கள் என்றாள். பிறகு கேட்டாள்.

"மார்கழி பொறந்துடுச்சே. ஒண்ணாம் நம்பர் மொட்டு வெச்சிருக்குதா?"

"வெச்சிருக்குதுடி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போட்டோ அனுப்பேன்."

போன வருடம் அவள் வீட்டில் என் போனில் எடுத்த படம் இருந்தது. பூ, கட்டை, ஓரத்தில் கொஞ்சம் கண்ணாடி. அதை அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "நல்லா இருக்குது ஜெயா." நம்பிவிட்டாள் என்று நினைத்து நிம்மதியானேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்தாள். தினமும் பேசினோம். செடிகளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்து மயக்கத்தில் மறந்துவிட்டாள் போல என்று நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தினமும் போனை வைக்கும் முன் "வேற?" என்பாள். "வேற ஒண்ணும் இல்லடி" என்பேன். "சரி, வெச்சிடறேன்" என்பாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஏழுமலை அண்ணன் உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அவளுடைய லென்ஸ். "உன்கிட்ட குடுக்கச் சொல்லுச்சிம்மா" என்றார். வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார்.

"நீ அனுப்பின போட்டோவை எனக்குக் காட்டுச்சிம்மா. 'அண்ணா, இது போன வருஷத்துப் பூ'ன்னுச்சி. எப்டி சொல்றன்னேன். 'லேபிளைப் பாரு. ஆடியில நான் புதுசா எழுதி ஒட்டினேன், இதுல பழசு இருக்குது'ன்னுச்சி."

இருபத்திரண்டு வருடம் லேபிள் ஒட்டியவள் நான். பெயர் மாறுவதுதான் எங்கள் தொழிலில் பெரும் பாவம். அந்தப் படத்தில் ஓரமாக ஒரு லேபிள் இருப்பதையே நான் பார்க்கவில்லை.

"கோவப்பட்டாளாண்ணா?"

"இல்லம்மா. செடியெல்லாம் போயிருக்கும்னுச்சி. நான் உனக்குப் போன் பண்ணிக் கேக்கறேன்னேன். வேணாம்னுடுச்சி. 'ஜெயாவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லியிருக்குதுன்னா எவ்ளோ பயந்து போயிருக்கும். அதுவே ஒரு நாள் சொல்லும், அப்ப கேட்டுக்கறேன்'னுச்சி."

அந்த "வேற?" என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தினமும் கேட்டிருக்கிறாள். தினமும் நான் வேற ஒண்ணும் இல்லை என்றிருக்கிறேன். தன் ரத்தத்தில் பார்த்ததை என் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டவள். அவளுக்கு ஒரு செடி செத்ததைக் கேட்கத் தெம்பு இருக்காது என்று நினைத்தேன். சொல்லத்தான் எனக்குத் தெம்பு இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பத்துக் கட்டைகளைக் கழற்றித் துணியில் கட்டி வைத்துவிட்டேன். ஒன்றாம் எண்ணை மட்டும் சன்னலோரம் விட்டிருக்கிறேன். வேர் பழுப்பாகிச் சுருங்கி நூல் போலக் கிடக்கிறது. துளிர்க்கும் என்ற நம்பிக்கையெல்லாம் இல்லை. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று இனியும் சொல்ல மாட்டேன். தூக்கிப் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவளிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தக் குச்சியும் லென்ஸும், எந்தத் தண்ணீரையும் ஊற்றும் முன் நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கமும். அந்தப் பழக்கம் காலம் தப்பி வந்து சேர்ந்தது.

இன்று காலை, லென்ஸை வைத்து, மூச்சை நிறுத்தி, ஒன்றாம் எண்ணை முழுசாகப் பார்த்தேன். நீ கேட்ட "வேற"க்குப் பதில் சொல்கிறேன் கஸ்தூரி, உன்னைத் தெரிந்த எல்லோர் முன்னாலும். பதினொன்றும் போய்விட்டது. உப்புத்தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஊற்றியது நான்தான்.